ஞானமுத்தன் பாட்டாவுக்கு நான் அடித்த மணி

உயிரோடு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஒரு மனிதரை ஊரறியச் சாகடித்தவள் நான். கத்தி இல்லை, விஷம் இல்லை. தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத ஒரு நீல நிற ரிலேயும், என் தலைக்குள் இருந்த அகந்தையும் போதுமானதாக இருந்தன.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எலெக்ட்ரானிக்ஸில் பொறியியல் பட்டம் வாங்கிக்கொண்டு, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவிலுள்ள எங்கள் ஊரில், வேலை என்னைத் தேடி வரும் என்று காத்திருந்தேன். (அதுக்கு வேற சோலி இருந்திருக்கும். வரல்ல.) காத்திருந்த நேரத்தில் கூரியரில் வரவழைத்த போர்டுகளையும் வயர்களையும் கட்டில் முழுக்கப் பரப்பி வைத்து, நான் தரையில் படுத்தேன். விஞ்ஞானிகள் அப்படித்தான் படுப்பார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ரிலே மாட்யூல். ரிலே என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஒரு சுவிட்ச். நம் விரலுக்குப் பதில் ஒரு துளி மின்சாரம் அதைப் போடும், அணைக்கும். போடும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்த 'டிக்'கைக் கேட்டால் எனக்கு உடம்பு புல்லரிக்கும். நாலு ரிலே வாங்கி வீட்டு ஃபேன், முற்றத்து லைட், அம்மாவின் மிக்சி எல்லாவற்றையும் போனிலிருந்தே இயக்கும்படி செய்தேன். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, கைக்கெட்டும் சுவிட்சை விட்டுவிட்டு, போனில் நாலு தட்டுத் தட்டி ஃபேன் போடுவேன். இதற்குப் பெயர் முன்னேற்றம்.

அப்பாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது.

"எட்டி ஷைனி, கரண்டு போயிட்டு வந்தா இந்த ஃபேன் என்னத்துக்கு தானா ஒரு தும்மல் தும்முது?"

"மெஷின் எழும்பும்போ ஒரு சோம்பல் முறிக்கும் அப்பா. அது அப்படித்தான்."

பதில் எனக்குத் தெரியாது. தெரியாததை இவ்வளவு கம்பீரமாகச் சொல்லக் கல்லூரியில் நாலு வருஷம் பயிற்சி எடுத்திருந்தேன்.

இந்த நேரத்தில்தான் எங்கள் கோயிலில் மணிப் பிரச்சினை வந்தது. எங்களுடையது மிஷன் காலத்துப் பழைய கிறிஸ்தவக் கோயில். கோபுரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு வெண்கல மணி. கயிறு பிடித்து அதை அடிப்பவர் தேவதாஸ் அண்ணன். கோயிலைப் பெருக்குவது, விளக்குப் போடுவது, கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவது எல்லாம் அவர்தான். அவருக்குத் தோள்பட்டையில் வலி வந்து, கையைத் தூக்க முடியவில்லை. ஆராதனை முடிந்து கமிட்டி கூடி யோசித்தபோது, பின் வரிசையில் இருந்து நான் எழுந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

"ஒரு ரிலே போதும்," என்றேன். "பின்ன ஆளே வேண்டாம்."

கமிட்டி செயலாளர் ஸ்டீபன் சாருக்கு 'ஆளே வேண்டாம்' என்ற சொல் மிகவும் பிடித்துப்போனது. தேவதாஸ் அண்ணன் என்னை ஒரு தரம் பார்த்தார்.

"மக்கா, ஞாயிற்றுக்கிழமை மணி வேற, கல்யாண மணி வேற, துக்க மணி வேற. துக்கத்துக்கு ஒரு அடி அடிச்சிட்டு, பாதி ஜெபம் சொல்லுத நேரம் விடணும். பின்ன அடுத்த அடி. அது கைக்குத் தெரியும். உனக்க பெட்டிக்குத் தெரியுமா?"

"அதெல்லாம் ப்ரோகிராம் ஆக்கும் அண்ணா," என்றேன். கயிறு இழுக்கும் மனிதருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைத்தேன். (இப்ப அந்தப் பிள்ளைய எங்கயாவது பார்த்தா, காதைப் பிடிச்சுத் திருகிட்டுத்தான் பேசவே தொடங்குவேன்.)

பாலராமபுரத்தில் பழைய கார் உடைக்கும் கடையிலிருந்து ஒரு வைப்பர் மோட்டார் வாங்கினேன். அது ஒரு இரும்புச் சுத்தியலை இழுத்து மணியில் அடிக்கும். மோட்டாரை இயக்க ரிலே, ரிலேயை இயக்க ஒரு கன்ட்ரோல் போர்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து, கரண்டில் சார்ஜ் ஆகும் ஒரே ஒரு பாட்டரி. மாட்யூலோடு வந்த தாளில், மோட்டாருக்கும் போர்டுக்கும் மின்சாரம் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் அந்தத் தாளில் ஏத்தங்காய் சிப்ஸ் வைத்துத் தின்றேன். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் எடுத்தேன். போர்டில் சின்னதாக ஒரு திரை வைத்து, அது இயங்கத் தொடங்கும்போதெல்லாம் 'வடிவமைப்பு: ஷைனி, பி.டெக்.' என்று மெதுவாக ஓடும்படி செய்தேன். கோபுரத்தின் உச்சியில், பூட்டிய அறைக்குள், புறாக்கள் படிக்கட்டும் என்று.

மூன்று ஞாயிறு மணி அருமையாக அடித்தது. ஆராதனையில் என்னை முன்னால் அழைத்து, பாலராமபுரம் நேரியதுத் துண்டு ஒன்றைத் தோளில் போர்த்தினார்கள். அம்மா அழுதாள். தேவதாஸ் அண்ணன் கோபுரத்தின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மருத்துவம் பார்க்க பெருங்கடவிளையில் மகள் வீட்டுக்குப் போனார். இரண்டாவது சாவி ஒன்று வாங்கி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தானியங்கிக்கு எதற்குச் சாவி?

நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை பெருமழை. எங்கோ மரம் விழுந்து கரண்ட் போய், சனிக்கிழமை மாலை ஆகியும் வரவில்லை. எங்கள் கோயிலில் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு, நாளை ஞாயிறு என்று ஊருக்கு நினைவுபடுத்த ஒரு மணி உண்டு. நான் அடுக்களையில் அம்மாவோடு மரச்சீனிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தேன்.

டங்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, டங்.

அம்மா கிழங்கைக் கீழே வைத்தாள். "துக்க மணியாக்கும். ஆரு போனது?"

இன்னொரு அடி விழுந்தது.

"ஞானமுத்தன் பாட்டாவாத்தான் இருக்கும்," என்று அம்மாவே பதிலும் சொன்னாள். "நேத்தைக்குத்தானே ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கொண்டு வந்தினும். இனி ஒண்ணும் செய்யாண்டாம்னு டாக்டர் சொன்னாராம்."

ஞானமுத்தன் பாட்டா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பது தாண்டியவர், இருதய நோயாளி. 'இனி மருந்து ஒன்றும் மாற்ற வேண்டாம்' என்று டாக்டர் சொன்னது, பஸ் ஸ்டாப்பைத் தாண்டுவதற்குள் 'இனி ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று ஆகியிருந்தது. ஊர் மனதளவில் அவருக்காகத் தயாராக இருந்தது. மணி மட்டும்தான் பாக்கி.

இப்போது நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். அந்த மணியைக் கட்டியவள் நான். அதில் துக்க மணி என்று ஒரு ப்ரோகிராமே நான் எழுதவில்லை. இது எல்லாம் தெரிந்த நான், "பாவம் பாட்டா" என்று சொல்லி, கையைத் துடைத்து, போனை எடுத்து, கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் முதல் ஆளாக எழுதினேன்: 'போய் வாருங்கள் பாட்டா. உங்கள் சிரிப்பு எங்கள் நெஞ்சில் என்றும் வாழும்.' பின்னால் நாலு கும்பிடு. அந்த மனிதர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

மூன்று நிமிஷத்தில் ஸ்டீபன் சார் இரண்டு பக்கமும் மெழுகுதிரி எரிய, நடுவில் பாட்டாவின் படத்தோடு 'கண்ணீர் அஞ்சலி' போட்டுவிட்டார். அதன் கீழே இரங்கல்கள் மழையாகக் கொட்டின. அம்மா வெள்ளைச் சேலை தேடி அலமாரியைத் திறந்தாள். அப்பா குடை எடுத்தார். எடுத்தவர் வாசலில் நின்று, மேலே கோபுரத்தைப் பார்த்துக் கேட்டார்:

"எட்டி, தேவதாஸ் பெருங்கடவிளையில அல்லவா? பின்ன மணி அடிக்குதது ஆரு?"

போனைக் கையில் பிடித்தபடியே வாசலுக்குப் பாய்ந்தேன்.

நான் ஓடிய ஓட்டத்தை இன்றும் ஊரில் நடித்துக் காட்டுவார்கள். ஒரு காலில் என் செருப்பு, மறுகாலில் அப்பாவின் செருப்பு. கோயிலுக்குப் போனால் கோபுரக் கதவில் பூட்டு, உள்ளங்கை அகலத்துக்கு. மேலே டங் என்று விழுந்துகொண்டே இருக்கிறது. பூட்டை இழுத்தேன், கதவை உதைத்தேன், உதைத்த கால் வலித்து நொண்டினேன். தேவதாஸ் அண்ணனுக்குப் போன் போட்டேன். பேசுவதற்கு முன்னாலேயே போன் வழியாக அவருக்கு மணி கேட்டுவிட்டது.

"ஆராக்கும் மக்கா போனது?"

"ஆரும் போகல்ல அண்ணா."

"பின்ன துக்க மணி கேட்குதே?"

"அது... தானா அடிக்குது."

பிறகு மிக மரியாதையாகக் கேட்டார்: "ப்ரோகிராம் ஆக்கும்?"

"அண்ணா, சாவி..."

"மருமவனுக்க பைக்குல வாறேன். அது வர ஆரும் சாவாம பாத்துக்க."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை உலுக்கியது. பாட்டாவுக்கு அதிர்ச்சி தரும் செய்தி எதுவும் சொல்லக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தான் செத்துப்போன செய்தியைவிட அதிர்ச்சி என்ன இருக்கிறது? விளையாட்டு அத்தோடு முடிந்துவிட்டது. மணியை விட்டுவிட்டு நொண்டிக்கொண்டே அவர் வீட்டுக்கு ஓடினேன். வழியெல்லாம் ஜெபம் செய்தேன். மணியை நிறுத்தச் சொல்லி அல்ல, அந்த இருதயம் நின்றுவிடக் கூடாது என்று.

வாசலில் இருபது முப்பது பேர் குடையோடு. ஒருவர் கையில் மலர்வளையம் (அவ்வளவு சீக்கிரம் எப்படிக் கிடைத்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை). பாட்டாவின் மருமகள் லில்லி அக்கன், துணி துவைத்துக்கொண்டிருந்தவள், ஈரக் கையோடு வந்து பார்த்து, யாருக்கு என்று தெரியாமலேயே கூட்டத்தோடு சேர்ந்து அழுதுகொண்டிருந்தாள். துபாயிலிருக்கும் அவள் கணவனுக்கு ஏதோ ஆகிவிட்டது, சொல்லத் தயங்குகிறார்கள் என்று அவள் நினைத்துவிட்டாள். "எனக்க மாப்பிளைக்கு என்ன ஆச்சு, சொல்லுங்க," என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கேட்டாள். அவர்களோ, மாமனார் செத்த துக்கத்தில் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவளைத் தாங்கிப் பிடித்தார்கள். அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதும் அந்த ஒரு இடத்தில் வருவதில்லை.

"அக்கா, ஆருக்கும் ஒண்ணும் இல்ல, மணி கேடாயிப்போச்சு!" என்று கத்திக்கொண்டு கூட்டத்தைத் தள்ளி உள்ளே போனேன்.

பாட்டா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் கஞ்சிப் பாத்திரம். எதிரே நாலு பேர் குடையை மடக்கிக் கையில் பிடித்தபடி, செத்தவர் கஞ்சி குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவருக்கும் வாய் திறந்து சொல்லத் தைரியம் இல்லை. சொன்னால் செத்துவிடுவார், சொல்லாமல் திரும்பிப் போனால் மரியாதை இல்லை. பாட்டா அவர்களை மாறி மாறிப் பார்த்தார். வாசலில் அழுகை கேட்டது. கோயில் மணி அடித்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக் கிட்டே இழுத்தார். கை குளிர்ந்திருந்தது.

"மக்கா," என்றார் மெல்ல. "செத்தவனுக்குப் பசிக்குமா?"

"நீங்க சாகல்ல பாட்டா."

"உள்ளதாக்கும்?"

"உள்ளதுதான். அந்த மணிய கட்டினது நானாக்கும். அது தப்பா அடிக்குது."

அவர் கண்ணை மூடினார். ஒன்று, இரண்டு, மூன்று மூச்சு. நானும் அவரோடு மூச்சு விட்டேன். பிறகு கண்ணைத் திறந்தார். அது பயந்த கிழவரின் கண் இல்லை. சில்லறை தராத பயணியைப் பார்க்கும் கண்டக்டரின் கண்.

"நீ ஆருக்க மவள்?"

சொன்னேன். என் அப்பாவில் தொடங்கி, என் தாத்தா வழியாக, நான் படித்த கல்லூரி வரைக்கும் எல்லோரையும் வரிசையாக வாழ்த்தினார். அந்த வாழ்த்துகளில் ஒன்றைக்கூட இங்கே அச்சிட முடியாது. குரல் கணீரென்று இருந்தது. வாசலில் அழுகை பட்டென்று நின்றது. லில்லி அக்கன் உள்ளே ஓடி வந்து, விஷயம் புரிந்து, கட்டிலின் காலடியில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதாள்.

யாரோ ஒரு புத்திசாலி போனை நீட்டிக் கண்ணீர் அஞ்சலியைக் காட்டினார். பாட்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"இந்தப் படத்த போட்டது ஆரு? இது பேரனுக்க கல்யாணத்துல எடுத்ததல்லவா? வாயில பப்படம் உண்டு."

உண்மைதான், இருந்தது. பிறகு அவர் இரங்கல்களை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினார். "வறுகீசு 'பேரிழப்பு'ன்னு எழுதியிருக்கான். நாலு வருஷமா எனக்கிட்ட ஒரு வார்த்தை மிண்டாதவனாக்கும். இவன் ஆரு? பேரே தெரியல்ல. 'அப்பாவைப் போன்றவர்'ன்னு எழுதியிருக்கான்." விரல் மேலே மேலே போனது. எல்லாவற்றுக்கும் மேலே, முதலாவதாக நின்ற செய்தியில் போய் நின்றது. எனக்கு அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போலிருந்தது.

"'உங்கள் சிரிப்பு எங்கள் நெஞ்சில்...' ஷைனி. இது நீயாக்கும்?"

"ஆமா பாட்டா."

"மணியும் நீ அடிப்ப, துக்கமும் நீயே எழுதுவ. குழியும் வெட்டிட்டியா?"

அந்த நேரத்தில் மணி நின்றது. தேவதாஸ் அண்ணன் வந்துவிட்டார் என்று புரிந்து கோயிலுக்குத் திரும்பினேன். அவர் மேல் அறையில், கழற்றிய பாட்டரி வயரைக் கையில் பிடித்து நின்றார்.

"மக்கா, நான் ஏறி வரும்போ இந்தக் கண்ணாடியில என்னவோ எழுத்து ஓடிச்சு. 'வடிவமைப்பு: ஷைனி, பி.டெக்.'னு. அது ஓடி முடிஞ்ச உடனே உள்ள டிக்னு ஒரு சத்தம். உடனே சுத்தியல் அடிச்சுது. பின்னயும் எழுத்து ஓடிச்சு. பின்னயும் அடிச்சுது. இது என்னத்துக்காக்கும்?"

நாலு வருஷம் படித்த எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த வகை ரிலே மாட்யூல் தலைகீழ்ப் பிறவி. சிக்னல் இருந்தால் அணைந்திருக்கும், சிக்னல் விழுந்தால் போட்டுவிடும். போர்டு விழித்தெழுந்து ரிலேயைத் தொடும் முதல் நொடியில் சிக்னல் விழும், ரிலே போடும், அதன் பிறகுதான் 'அணை' என்று நான் எழுதிய வரி வரும். எங்கள் வீட்டு ஃபேன் தும்மியது அதனால்தான். பாட்டரி நிறைந்திருந்த வரை இது ஒரு சின்ன உதறலோடு போயிற்று. ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லாமல் பாட்டரி தளர்ந்ததும், மோட்டார் இழுத்த இழுப்பில் போர்டுக்கு மின்சாரம் போதவில்லை. போர்டு மயங்கி விழுந்தது, எழுந்தது, என் பெயரை ஓட்டியது, ரிலேயைத் தொட்டது, மணி அடித்தது, மறுபடி மயங்கியது. பாதி ஜெபம் சொல்லும் நேரம் என்று தேவதாஸ் அண்ணன் சொன்ன அந்த இடைவெளி, என் பெயரும் பட்டமும் திரையில் ஓடி முடியும் நேரம். ஒரு மணி நேரமாக உயிரோடிருந்த அந்த மனிதருக்குச் சாவு மணி அடித்தது என் பி.டெக்.

துக்கத்துக்கு மணி உண்டு, துக்கம் இல்லை என்பதற்கு மணி இல்லை. ஸ்டீபன் சார் 'பாட்டா உயிரோடு உள்ளார்' என்று குரூப்பில் போட்டார். மெழுகுதிரிப் படத்தின் மேலேயே அதை எழுதிப் போட்டதால் பாதிப் பேர் அதை இரங்கற்பா என்று நினைத்து இன்னும் நாலு கும்பிடு போட்டார்கள். வெளியூர்ச் சொந்தங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கோட்டுகாலில் இருந்து ஒரு வேன் நிறைய வந்தது.

பாட்டா அன்று வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். என்னைப் பக்கத்தில் நிற்க வைத்தார். வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் நடந்ததை நான் என் வாயால் சொல்ல வேண்டும், அதுதான் தண்டனை. முதல் கூட்டத்துக்கு ரிலே, சிக்னல், பாட்டரி, மோட்டார் எல்லாம் விளக்கினேன். கோட்டுகால் வேனிலிருந்து இறங்கிய ஒரு அம்மச்சி மூச்சு வாங்கக் கேட்டுவிட்டு, "எந்தா மோளே நீ ஈ பறயுந்நது?" என்றாள். நான் சொன்னதில் ஒன்றும் அவளுக்கு விளங்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு மோட்டாரை விட்டுவிட்டேன். அதற்கடுத்து பாட்டரியை. கடைசியாக வந்தவர்களிடம் நான் சொன்னது ஒரே வரி: "பாட்டாவுக்கு ஒண்ணும் இல்ல, கேடு எனக்குத்தான்." பாட்டா தலையாட்டி, "இப்பத்தான் செரியா சொன்னா," என்றார். வந்த மலர்வளையங்களை ஒன்றுவிடாமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. தேவதாஸ் அண்ணன் வலிக்காத இடது கையால் கயிறு இழுத்தார். தேவையைவிடப் பத்து அடி கூடுதல் என்று எனக்குத் தோன்றியது.

பாட்டா அதன் பிறகு ஏழு வருஷம் இருந்தார். என்னை எங்கே கண்டாலும் தன் மணிக்கட்டை நீட்டி நாடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, "ஓடுதாட்டி?" என்று கேட்பார். ஆமாம் என்று சொன்ன பிறகுதான் வழி விடுவார். எனக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. பிறர் செய்த கருவிகளில் எங்கே பிழை என்று தேடும் வேலை. அதற்கு என்னைவிடத் தகுதியானவள் யாரும் இல்லை என்று நேர்காணலில் இந்தக் கதையைச் சொன்னேன்.

ஒரு நாள் அலுவலகத்தில் இருந்தபோது அப்பா கூப்பிட்டார்.

"மக்கா, ஞானமுத்தன் பாட்டா போயிட்டாரு. காலத்த எட்டு மணிக்கு."

நான் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனேன்.

"தேவதாஸ் மணி அடிச்சு அரை மணிக்கூர் ஆச்சு," என்றார் அப்பா. "ஒருத்தரும் நம்பல்ல, அந்த வீட்டுக்குப் போகவும் இல்ல. நம்ம முற்றத்துல இருபது முப்பது பேரு வந்து நிக்கினும், நீ ஊருக்கு வந்திருக்கியான்னு கேட்டு. நீ இப்ப எங்க?"

"ஆபீஸ்ல அப்பா."

"சத்தியமா?"

"சத்தியமா அப்பா. பெங்களூர்லதான்."

அப்பா போனை வாயிலிருந்து விலக்கிக்கொண்டு முற்றத்தைப் பார்த்துச் சத்தம் போட்டது எனக்குக் கேட்டது:

"அவ அங்கதான் இருக்கா! செத்தது உள்ளதுதான்!"

அதன் பிறகுதான், போனுக்குப் பின்னால், குடைகள் விரிகிற சத்தம் கேட்டது.